செவலை நின்ற இடங்கள்

கள்ளக்குறிச்சிக்குப் போகவேண்டிய பேருந்து உளுந்தூர்பேட்டையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நின்றது. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இறங்கி வயலுக்குள் நடந்துவிட்டார்.

வழியில் பயணம் முறிந்தால் அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பவேண்டியது உங்கள் பொறுப்பு என்று நடத்துநரிடம் விதியை எடுத்துச் சொன்னேன்.

"அந்த ரூல அந்த மரத்தாண்ட சொல்லுங்க சார்" என்றார் அவர், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

கல்வியிலும் அரசு வேலையிலும் தங்கள் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. மரங்கள் சாய்ந்தன, பாலங்கள் உடைந்தன, போலீஸ் லாரிகள் ஊர் ஊராக ஆட்களை அள்ளின. இதையெல்லாம் மாயவரத்தில் காபியோடு நாளிதழில் படித்தவன் நான். சாய்ந்த புளியமரம் எவ்வளவு பெரியது என்பது நாளிதழில் தெரிவதில்லை.

என் பையில் ஒரு தந்தி இருந்தது. கரியாலூர் மலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அடித்தது. "வசந்தாவுக்குக் காய்ச்சல் கடுமை. உடனே புறப்படவும்." வசந்தா என் ஒரே மகள். அந்தப் பள்ளியில் ஆசிரியை. கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ பனியில் இருந்தார். நான் கருவூலத்தில் அதிகாரியாக ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். என் கண்ணில் படாமல் ஒரு பட்டியலும் காசானதில்லை. ஆட்சேபணைக் குறிப்பு எழுதுவதில் மாவட்டத்தில் எனக்கு நிகரில்லை என்பார்கள். பாராட்டாகச் சொன்னதில்லை.

மிச்ச தூரத்தில் பாதியை நடந்தும் பாதியைக் கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேல் தொற்றிக்கொண்டும் கடந்தேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நாய்கள் மட்டும் இருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நல்லவர். அழைத்து வந்துவிட்டால் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மலையடிவாரம் வரை சாலையில் மரங்கள் கிடப்பதால் எந்த வண்டியும் போகாது என்றும் சொன்னார். டீக்கடையில் விசாரித்தேன்.

"மலைக்கா? நடக்கணும். இல்லாங்காட்டி காதர் பாய் வூட்ல குதிரை கீது, கேட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

குதிரை என்றதும், நடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் கோயில் வாகனம். மரத்தால் செய்தது. நாலு பேர் தோளில் வரும், சுண்டல் கொடுத்தபின் மண்டபத்துக்குள் போய்விடும், யாரையும் உதைக்காது.

காதர் பாயின் கிடங்கு கடுக்காயும் புளியும் மணத்தது. மலையிலிருந்து அவற்றை வாங்கி இறக்குவதும், அரிசியும் உப்பும் ஏற்றி அனுப்புவதும் அவர் வியாபாரம். மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"குதிரை கீது சார். ஆளுதான் இல்ல. ஓட்றவன் போலீசுக்குப் பயந்து மாமியார் வூட்டுக்குப் பூட்டான். என் காலப் பாத்தீங்கல்ல. பைக்குல வுழுந்துட்டேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பைக்கு எங்க நின்னுக்கினு இருந்துச்சாம், கேளுங்க. செவலை மேல ஏறி ஷோ காட்டப் போயி வுழுந்தாரு."

"நூர்ஜஹான், சாருக்கு டீ போடு" என்றார் பாய், முகம் மாறாமல். "நீங்களே கூட்டிக்கினு போங்க சார். வழி அதுக்குத் தெரியும். நீங்க சும்மா கூட நடந்தாப் போதும்."

செவலை கொல்லையில் வேப்பமரத்தடியில் நின்றது. செம்மண் நிறப் பெட்டைக் குதிரை. உயரம் என் தோள் அளவுதான், ஆனால் அந்தத் தோளுக்குப் பின்னால் ஒரு பீரோ அளவுக்கு உடம்பு இருந்தது. நான் முறைப்படி நேரே எதிரில் போய் நின்றேன். கயிற்றைப் பிடித்தேன். கண்ணைப் பார்த்து "வா" என்றேன். இழுத்தேன். அது தலையை மேலே தூக்கியது, காதுகள் இரண்டும் பின்பக்கமாகப் படுத்துக்கொண்டன, என் கை தோளிலிருந்து கழன்றுவிட்டதாகவே நினைத்தேன்.

"ஐயோ சார், ஃபைலு பாக்கற மாதிரி மூஞ்சியப் பாக்காதீங்க! மூக்குக்கு நேரா இருக்கறது அதுக்குத் தெரியாது. பூதம் மாதிரி திடீர்னு வந்து நிப்பீங்க. தோள் பக்கமா வாங்க. இடது தோளு."

"கயிறு?"

"லூசா வுடுங்க. நீங்க இழுத்தா அதுவும் இழுக்கும். யாருக்கு வெயிட்டு ஜாஸ்தி? லேசாக் கேளுங்க. ஒரு அடி வச்சிச்சின்னா அப்பவே வுட்டுடுங்க. வுடறதுதான் அதுக்குக் கூலி."

கேட்டேன். அது வைக்கவில்லை. மறுபடி கேட்டேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நூர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கொள்ளுத் தட்டோடு வெளியே வந்தார்.

"மூச்ச வுடுங்க சார். நீங்க மூச்சப் புடிச்சிக்கினு நிக்கறீங்க. எங்கியோ சிறுத்தை வந்துட்டாப்லன்னு அது பயப்படுது. நீங்க பயப்படறதப் பாத்து அது, அது பயப்படறதப் பாத்து நீங்க. ரெண்டு பேரும் விடியற வரிக்கும் நிக்க வேண்டியதுதான்."

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் பாய்.

"எங்க சொன்னீங்க? சொல்லியிருந்தா உங்க காலு நல்லா இருந்திருக்கும்."

மூச்சை விட்டேன். நீளமாக, ஆண்டுக் கணக்கை முடித்து மூடுவதுபோல. செவலையின் இடது காது மெல்ல என் பக்கம் திரும்பியது. ஒரு காது திரும்பினால் கேட்கிறது என்று பொருளாம். இரண்டும் படுத்துவிட்டால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டுமாம். கயிற்றை லேசாகத் தொட்டேன். ஒரு அடி. விட்டேன். இன்னொரு அடி. விட்டேன். இருட்டும்வரை கொல்லையைச் சுற்றினோம். நான் நின்றால் அது நின்றது. அது உதட்டை நக்கி மென்றபோது, ஒத்துக்கொண்டுவிட்டது என்று பாய் அறிவித்தார். நேரே பார்க்காதே, முன்னால் நிற்காதே, இழுக்காதே, கேட்டதைக் கொடுத்தால் உடனே விட்டுவிடு. அரசுப் பணியில் நான் கற்றவற்றுக்கு இவை அத்தனையும் நேர் எதிர்.

நான் சைவம் என்று சொல்லத் தயங்குவதைப் பார்த்து நூர்ஜஹான் கறி போடாத தால்ச்சா வைத்துத் தந்தார். கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்புக் குழம்பு. சாப்பிடும்போது வசந்தா என்ன சாப்பிட்டிருப்பாள் என்ற நினைப்பு வந்து, பாதியில் கை கழுவினேன்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். சும்மா போனால் செவலைக்குக் கோபம் வரும் என்று சொல்லி இரண்டு பக்கமும் உப்பு மூட்டை கட்டினார் பாய். குதிரையின் கோபமா, வியாபாரியின் கணக்கா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

வடக்கனந்தலுக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய மரம் சாலையை அடைத்துக் கிடந்தது. ஆள் போக நடுவில் அறுத்து ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். காவலுக்கு யாருமில்லை. குளிர்ந்த சாம்பல் மட்டும் இருந்தது. நாங்கள் அதன் வழியே போனோம். ஊருக்குள் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு போலீஸ் லாரி விளக்கை அணைத்துவிட்டு நின்றது. உள்ளே பீடி நெருப்பு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் மூச்சைப் பிடித்தேன் போலிருக்கிறது. செவலை நின்றது. நூர்ஜஹானை நினைத்து மூச்சை விட்டேன். நடந்தது.

மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி. சாலையின் குறுக்கே ஒரு மூங்கில். செவலை அதன் முன்னால் தானாகவே போய் நின்றது. காவலர் வந்தார், பிரம்பால் மூட்டையை இரண்டு தட்டுத் தட்டினார், "ம், போ" என்றார், மூங்கிலைத் தூக்கினார். செவலை நடந்தது. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த முதல் ஒழுங்கான நடைமுறை அது. மனதுக்கு இதமாக இருந்தது.

இதம் முதல் வளைவோடு முடிந்தது. பாறைப் பக்கம் இவ்வளவு இடம் இருக்க, செவலை பள்ளத்தின் விளிம்பிலேயே நடந்தது. குளம்புக்கு வெளியே ஒரு சாண் மண். அதற்குப் பிறகு மரங்களின் உச்சி. உள்பக்கம் தள்ளப் பார்த்தேன். காது படுத்தது. கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன். பாரம் சுமக்கிற குதிரை, மூட்டை பாறையில் இடிக்குமென்று விளிம்பில்தான் நடக்குமாம். பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கயிறு என் கையில் இருக்கிறது, அது விழுந்தால் விடவேண்டும், விட எனக்கு வருமா என்பதுதான்.

கரியாலூரில் வசந்தாவின் குடியிருப்பு பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓட்டு அறை. கட்டிலில் கிடந்தவளை முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"அப்பா" என்றாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "குதிரையோடவா வந்தீங்க? அதுக்கு உங்களைப் பிடிச்சிருக்கா?"

"ஆட்சேபணை இல்லை என்கிற அளவில்."

சிரிக்க முயன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் செல்வி என்னை வெளியே அழைத்துப் போனார். "டைபாய்டு சார். குடல்ல ரத்தம் கசியுது. ஓட்டை வுழுந்துச்சின்னா இங்க ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கே எறக்கிடுங்க. அதிர்ச்சி குடுக்காம எறக்கணும். குதிரை ஓடிச்சின்னா, குதிச்சிச்சின்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துக் குடிசையிலிருந்து சாமைச் சோறும் அவரைக் குழம்பும் வந்தது. எங்கள் பொன்னி அரிசியைவிட மணமாக இருந்தது என்று வேறொரு நாளாக இருந்தால் எழுதியிருப்பேன்.

காலையில் உப்பு மூட்டை இருந்த இடத்தில் வைக்கோல் திணித்த சாக்குகளைக் கட்டினோம். நடுவில் கம்பளி மெத்தை. வசந்தாவை ஏற்றி, அவள் சேலை ஒன்றாலேயே இடுப்பைச் சேணத்தோடு பிணைத்தோம். செல்வி அவள் கையைப் பிடித்திருந்தார். செவலை ஒரு காதை என் பக்கமும் ஒரு காதை முதுகின் பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். ஒவ்வொரு கல்லிலும் வசந்தாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சத்தம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். நான் நின்று நின்று மூச்சை விட்டேன், செவலை நின்று நின்று காலை வைத்தது. எங்கள் இருவரில் யார் யாரைக் கூட்டிப் போனோம் என்று இன்றும் சொல்ல முடியாது.

சோதனைச்சாவடியில் காவலர் பிரம்போடு வந்தார்.

"இது என் மகள். வனப்பொருள் இல்லை" என்றேன்.

"தெரியிது சார். தட்டாம இது போவாது. இத்தினி வருசமா பழக்கம். கம்பத்தத் தூக்கிட்டாக்கூட நின்னுக்கினே இருக்கும்." வசந்தாவின் கால் படாமல் சாக்கில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். "ம், போ." மூங்கில் உயர்ந்தது.

வடக்கனந்தலைத் தாண்டி அந்த மரத்தை நெருங்கியபோது வெயில் ஏறியிருந்தது. இந்த முறை மரம் தனியாக இல்லை. அரிவாளும் தடியும் வைத்த ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். அறுத்த இடைவெளியில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள்.

"யாரு? எந்த ஊரு?"

"மாயவரம்."

"எந்த ஆளுங்க?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சரி, எந்தப் பதில் தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. "கரியாலூர் பள்ளிக்கூடத்து டீச்சருங்க. ஒடம்பு முடியலைங்க."

முண்டாசு கட்டிய ஒருவர் முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது, பல நாள் தூங்காத கண். "வுடுங்கடா" என்றார். மூங்கிலைத் தூக்கினார்கள்.

செவலை நகரவில்லை.

கயிற்றைத் தொட்டேன். ஒரு காது திரும்பியது. அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. நானே சாக்கில் இரண்டு தட்டுத் தட்டி "ம், போ" என்றேன். செவலை அதைக் கண்டுகொள்ளவில்லை. சரிதான். விண்ணப்பதாரரே தன் விண்ணப்பத்தில் உத்தரவு போட்டுக்கொள்ள முடியாது.

"சீக்கிரம் போய்யா, போலீசு வர்ற நேரம்" என்று யாரோ கத்தினார்கள். பின்னால் ஒரு இளைஞன் தடியை ஓங்கிக்கொண்டு செவலையின் பிட்டத்தை நோக்கி வந்தான். "ரெண்டு வச்சா பறக்கும் பாரு."

பறக்கும். வசந்தாவின் குடலோடு. அவன் முன்னால் பாய்ந்து நின்று, விரலை நீட்டி, அலுவலகக் குரலில் அதட்டத்தான் என் உடம்பு கிளம்பியது. செவலையின் காதுகள் படுக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். நின்றேன். மூச்சை விட்டேன். அவனை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் போய், அவன் தோளருகில் நின்று, தணிவாகச் சொன்னேன்.

"அடிச்சா ஓடும்ப்பா. ஓடினா எம்பொண்ணு செத்துடுவா."

தடி இறங்கவில்லை, ஆனால் நின்றது.

"பின்ன இன்னாதான் செய்யணும் அதுக்கு?" என்றார் முண்டாசுக்காரர்.

சொன்னேன். செக்போஸ்ட் என்று நினைத்து நிற்கிறது, கம்பத்துப் பக்கம் நிற்கிற அதிகாரி சாக்கை இரண்டு தட்டுத் தட்டி 'ம், போ' என்று சொல்லவேண்டும், யார் வேண்டுமானாலும் தட்டிவிட முடியாது என்றேன். சொல்லும்போதே இது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது. அரிவாள்களின் நடுவே நின்றுகொண்டு நடைமுறை விளக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே! நாம கேட்ட உத்தியோகத்த குதிரை குடுத்துட்சி!"

எல்லாரும் சிரித்தார்கள். தடி வைத்திருந்தவனும் சிரித்தான். முண்டாசுக்காரர் சிரிக்கவில்லை. அந்த இளைஞனிடமிருந்து தடியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்க இன்னா உத்தியோகம் பாத்தீங்க?"

"கருவூலம்."

"உங்க ஆபீசுல எங்க ஆளுங்க எத்தினி பேரு?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். புள்ளிவிவரம் கைவசம் இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது நான் நன்றாகச் சொல்லக்கூடியது. மேசை மேசையாக நினைத்துப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். செவலையும் காத்திருந்தது.

"ஒருத்தர்" என்றேன். "வாட்ச்மேன்."

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்த பதில் வந்ததுபோல, கோபம்கூட இல்லாமல். பிறகு மூங்கிலின் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார். முண்டாசை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார். வசந்தாவின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அது படாமல், தடியால் சாக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ம், போ."

செவலை நடந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வசந்தாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வாசலில் செவலையின் தோளருகே நின்றேன். குடலில் ஓட்டை விழவில்லை. காய்ச்சல் மெதுவாக இறங்கியது. கஞ்சியில் உப்புக் குறைவு என்று அவள் குறை சொன்ன அன்று, பிழைத்துவிட்டாள் என்று நானே குறிப்பெழுதிக்கொண்டேன்.

அதற்குள் சாலைகள் திறந்துவிட்டன. பேருந்து ஓடியது. வசந்தாவின் பெட்டியை எடுத்துவர நான் அதில் போயிருக்கலாம். ஆனால் காதர் பாயின் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, மலைக்கு உப்புப் போகவேண்டியிருந்தது, நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயம் தெளிந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். கயிற்றைக் கையில் வாங்குமுன், வேறு ஆள் கிடைத்தானா என்று பாயிடம் இரண்டு முறை கேட்டேன்.

வடக்கனந்தலுக்கு முன்னால் செவலை நின்றது.

மரம் இல்லை. மூங்கில் இல்லை. சாலையோரம் ஒரு அடிமரமும், தாரில் பூட்ஸ் கால்களால் மிதிபட்ட மரத்தூளும், ஒற்றைச் செருப்பும் கிடந்தன. ஒரு பேருந்து ஹாரன் அடித்தபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. செவலை அந்த இடைவெளி இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அருகே வந்தார். "இன்னா சார், வெயில்ல நின்னுக்கினு?"

"இங்கே முண்டாசு கட்டிக்கொண்டு ஒருத்தர் இருந்தாரே அம்மா?"

"அன்னிக்கி சாயந்தரமே லாரி வந்து எல்லாரையும் அள்ளிக்கினு பூட்ச்சி. எந்த ஜெயிலுன்னு தெரியலைன்னு அவங்க வூட்ல அழுதுக்கினு கீறாங்க. உங்களுக்கு சொந்தமா?"

"இல்லை. அதிகாரி" என்றேன். "அவர் சொன்னால்தான் இது போகும்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். நான் கயிற்றைத் தளரவிட்டேன். செவலையின் இடது தோளருகே நின்று, மூச்சை விட்டபடி, அதோடு சேர்ந்து காத்திருந்தேன்.